செயப்படுபொருள்

பட்டர்வொர்த் ஃபெரியில் நின்றபடி மனப்பாடம்.
நோட்டின் இடப்பக்கம் மலாய், வலப்பக்கம் தமிழ்,
நடுவில் காப்பிக் கறை.

சாக்சி, சாட்சி. இது சும்மா.
பிச்சாரா, விசாரணை. இதுவும்.
டெண்டா என்றால் தண்டம்.
டக்வா நம் தாவாவேதான்,
வேறு கப்பலில் வந்து இறங்கியிருக்கிறது.
ஜாமினுக்கும் ஜாமீனுக்கும் ஒரு நெடில்தான் வித்தியாசம்;
பணம் புரட்டுகிறவன் காதில் அதுவும் விழாது.
பென்ஜாராவுக்குள் ஒரு பஞ்சரம் இருக்கிறது,
கிளிக்கூண்டு.
அதைக் கண்டுபிடித்த காலையில்
என்னையறியாமல் கைதட்டிவிட்டேன்.
பக்கத்தில் ரொட்டி தின்ற பையன்
கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டான்.

பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்:
கூட்டாதே, குறைக்காதே.
நீ வெறும் குழாய். தண்ணீர் உன்னுடையது அல்ல.

லைட் ஸ்திரீட் கோர்ட், எனக்குப் பத்தாம் நாள்.
ஹொக்கியன் மொழிபெயர்ப்பாளர் ஊய் சியூ லிங்
தன் முறை முடிந்து போகும்போது
ஒரு ஜாதிக்காய்த் துண்டை என் கையில் வைத்தாள்.
தொண்டை காயும், வைத்துக்கொள்.

கூண்டில் அழகுராசா. இருபத்தாறு வயது,
இளையான்குடிப் பக்கம், சாப்பாட்டுக்கடை வேலை.
விலங்கு பூட்டிய கையாலேயே கும்பிட்டான்.
மலாயில் வாசிக்க வாசிக்கத் தமிழில் போட்டேன்:
இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன கடை,
முதலாளியின் மேசை லாச்சியிலிருந்து
ஆயிரத்து இருநூறு ரிங்கிட்
லாச்சி என்றபோதே தலையாட்டத் தொடங்கிவிட்டான்.
"ஆமாங்க. எடுத்தேன்."

எடுத்தேன்.
மலாயில் இரண்டே சொல்.
அதோடு முடிந்தது, மெஙாக்கு சாலா,
குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்.
மாஜிஸ்திரேட்டின் பேனா ஏற்கெனவே குனிந்திருந்தது.

எஸ்பிஎம் தேர்வில் எனக்கு
இரண்டு புள்ளி போன இடம் இது.
எழுவாய் தொக்கி நிற்கலாம்.
செயப்படுபொருளும் தொக்கி நிற்கலாம்,
கேட்பவர் நிரப்பிக்கொள்வார்.
இங்கே யார் கேட்பவர்?
எதை வைத்து நிரப்புவார்?

குழாய் பேசக் கூடாது.
"புவான், ஒரு தெளிவு கேட்க அனுமதி வேண்டும்."
ஏர்கோன் இரைச்சல்.
கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.
"தாஞா." கேள்.

"என்ன எடுத்தீங்க?"

"என் பாஸ்போட்டுங்க. பதினாலு மாசமா
அவுக லாச்சியிலதான கெடந்துச்சு."

தாளில் உள்ள தொகையை மறுபடி வாசித்தேன்.
முதல் தடவையாக நிமிர்ந்தான்.
"காசா? எந்தக் காசு?"

அதை அப்படியே திருப்பினேன்.
கூட்டவில்லை, குறைக்கவில்லை,
கேள்விக்குறியைக்கூட
அவன் வைத்த அதே உயரத்தில் வைத்தேன்.
பேனா நிமிர்ந்தது.

மிந்தா டிபிச்சாராக்கான், விசாரணை கோருகிறார்.
ஜாமீன் மூவாயிரம், உத்தரவாதத்துக்கு உள்ளூர் ஆள் ஒருவர்.
உள்ளூர் ஆள் என்பதைச் சரியாகத்தான் சொன்னேன்.
அந்தச் சொல்லுக்கு அவனிடம் ஆள் இல்லை.
அடுத்த தேதிக்கு நம்மிடம் நல்ல சொல் உண்டு:
வாய்தா. பிரித்துப் படித்தால் வாய் தா.

"அப்ப என்னைய விட்டுருவாகளா அக்கா?"
கேள்வியை மலாயில் சொன்னேன்.
அக்காவைச் சொல்லவில்லை.
அந்த ஒன்றைக் குறைத்தேன்.

பென்ஜாராவுக்கு வண்டி மூன்று மணிக்குக் கிளம்பியது.
ஜன்னலில் கம்பிவலை.
காலையில் நான் கைதட்டிய சொல்லா அது என்று
யோசித்தபடி படியில் நின்றேன்.

மாலை ஃபெரி. நல்ல கூட்டம்.
நோட்டின் வலப்பக்கம் எழுதினேன்: எடுத்தேன்.
இடப்பக்கம் ஒரு வெறும் கோடு,
எதை என்று கேட்க இடம் விட்டு.
ஜாதிக்காய்த் துண்டு பையின் அடியில்
தாளோடு ஒட்டிப்போயிருந்தது.
பிய்த்து வாயில் போட்டேன்.
காகிதத்தின் ருசியும் சேர்ந்து வந்தது.